பையப் போங்க

எங்கள் பக்கத்தில் பை என்றால் கடைக்குக் கொண்டுபோவது. மஞ்சள் பை, கட்டைப் பை, துணிப் பை. கல்யாணமான புதிதில் என் மனைவி வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு "பைய, பைய" என்றபோது, எதையோ கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள் என்று நினைத்து வண்டியை ஓரம்கட்டி, எந்தப் பை என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குத் தாமிரபரணிப் பக்கம். அங்கே பைய என்றால் மெதுவாக. அதற்குப் பிறகு அவள் எப்போது பைய என்றாலும் மஞ்சப்பையா, கட்டப்பையா என்று கேட்பது என் வழக்கமாகிப்போனது. வருடக்கணக்கில் அதே நக்கல்தான். அவளும் அலுக்காமல் சிரித்துக்கொண்டு வந்தாள். இன்றைக்கு அந்தச் சொல் அவள் வாயிலிருந்து தானாக வருமா என்று காத்துக் கிடக்கிறேன்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் லைன் மெக்கானிக். தையல் மிஷின் நின்றுபோனாலோ, நூல் அறுந்துகொண்டே இருந்தாலோ என்னைக் கூப்பிடுவார்கள். அவள் அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். கழுத்துக்கு ரிப் பட்டை வைத்துத் தைப்பது அவள் வேலை. பக்கவாட்டுத் தையல் என்றால் மிஷினை முழு வேகத்தில் விட்டுவிடலாம், துணி நேராக ஓடிவிடும். கழுத்து வளைவில் அது நடக்காது. பெடலைப் பாதத்தின் நுனியால் தொட்டும் தொடாமலும் அழுத்தி, ஊசியை நகர்த்தி நகர்த்திக் கொண்டுபோக வேண்டும். கொஞ்சம் அழுத்தம் கூடினால் பீஸ் போச்சு. நான் அவளைக் கவனிக்க ஆரம்பித்ததே அவள் மிஷினின் சத்தத்தை வைத்துத்தான். லைனில் மற்ற மிஷின்களெல்லாம் அலறுவதும் நிற்பதுமாக இருக்கும்போது ஒன்று மட்டும் முனகிக்கொண்டே போய் வளைவு திரும்பும். யாருடைய கால் அது என்று எட்டிப் பார்த்தேன். தெக்கத்திப் பெண் என்று எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள், பிறகு சரியாகிவிட்டது.

முதுகு வலியைப் பனியன் கம்பெனியில் யாரும் வியாதி என்று சொல்ல மாட்டார்கள். சாய்மானம் இல்லாத ஸ்டூலில் காலையிலிருந்து குனிந்து உட்கார்ந்தால் எல்லோருக்கும் வரும். அவளுக்கும் வந்தது. தைலம் தேய்த்தோம், பெல்ட் வாங்கினோம், நல்லூரில் எங்கள் தெருமுனை டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டோம். வண்டியில் ஒரு பக்கமாக உட்கார வேண்டாம், இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள் என்றார் அவர். அதுவரை சேலை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்தவள், சுடிதாருக்கு மாறினாள். கம்பெனிக்குப் போய் வருவதுதான் அவளுக்குப் பெரிய கண்டமாக இருந்தது. அந்த வலிக்குப் பாதிக் காரணம் என் வண்டி என்று நான் முடிவு கட்டினேன்.

பிஎஸ் சிக்ஸ் வண்டி, கம்ப்யூட்டர் வைத்து வருகிற புது ரக பைக். அறுபதில் போனால் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. மெதுவாகப் போகும்போதுதான் அதன் குணம் தெரியும். முதல் கியரில், இரண்டாம் கியரில், ஆக்சிலேட்டரை ஒரு துளி திருப்பினால் முன்னால் தூக்கும், விட்டால் பின்னால் இழுக்கும். வெட்டி வெட்டிப் போகும். நல்லூரிலிருந்து எங்கள் கம்பெனிக்குக் காலை நேரத்தில் வேறு எப்படியும் போக முடியாது. முன்னால் கம்பெனி வேன், பின்னால் டவுன் பஸ், நடுவில் குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய ரோடு. மூன்றாம் கியர் போடும் யோகம் ஒரு நாளும் கிடைக்காது. வண்டி வெட்டும்போதெல்லாம் அவள் கை என் தோள்பட்டைச் சட்டையைக் கொத்தாகப் பிடிக்கும். காதுக்குப் பக்கத்தில் "பைய" என்று வரும். அந்தக் குரலில் விளையாட்டு இல்லாமல் போனபிறகு நான் எந்தப் பை என்று கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

சர்வீஸ் விடும் கடையில் சொன்னேன். அங்கிருந்த பையன் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மாடலே இப்புடித்தானுங்ணா, ஓட்ட ஓட்டப் பழகிரும்" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வரும், அது ஊருக்கே தெரியும். ஆனால் ஒரு மிஷினைப் பற்றி இது இப்படித்தான் என்று யாராவது சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது. மிஷின் எதுவும் இப்படித்தான் இருப்பதில்லை. எங்கேயோ ஒரு அளவு தப்பியிருக்கும், அதைக் கண்டுபிடித்துத் திருத்தினால் சரியாகிவிடும். இந்த நம்பிக்கையில்தான் என் பிழைப்பே ஓடியிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வண்டியை நிறுத்திப் பிரித்தேன். ஆக்சிலேட்டரைத் திருப்பும்போது என்ஜினுக்குக் காற்று போகும் வழி திறக்கிறது. எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது ஓரத்தில் இருக்கும் சின்னக் கறுப்பு சென்சார். மூன்று ஒயர். அதில் ஒன்று சேதி சொல்லும் ஒயர். அதன் பின்பக்கமாக ஒரு ஓவர்லாக் ஊசியைச் செருகி, மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். கையை முழுதாக விட்டிருக்கும்போது அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். இது அதைவிட நன்றாகவே கூடுதலாகக் காட்டியது. அதாவது நான் மூடிவிட்ட பிறகும், இன்னும் திறந்துதான் இருக்கிறது என்று அது கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. கை ஒன்று செய்ய, சென்சார் வேறொன்று சொல்ல, நடுவில் வண்டி வெட்டியது.

அவள் படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பழைய இடம் மறந்துபோகக் கூடாது என்று அவளுடைய நகச்சாயத்தை வாங்கி, சென்சாருக்கும் அது பொருந்தியிருக்கும் பாகத்துக்கும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போட்டேன். ஸ்க்ரூவைத் தளர்த்தி, நூலளவு திருப்பி, மீட்டரைப் பார்த்து, மறுபடியும் நூலளவு. இறுக்கும்போது அளவு நகர்ந்துவிடும், திரும்பவும் முதலிலிருந்து. "ஒரு வண்டிக்கு இம்புட்டு மெனக்கெடணுமா" என்று கேட்டாள். வண்டிக்கு யார் மெனக்கெட்டது என்று நான் சொல்லவில்லை. கடைசியில் சிவப்புக் கோடு இரண்டு துண்டாகப் பிரிந்து நின்றது. ஸ்டார்ட் செய்தேன். என்ஜின் ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக ஓடியது. முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டு, நடந்து போகிறவர்கள் கூடவே தெருவைச் சுற்றி வந்தேன். ஒரு வெட்டு இல்லை.

மறுநாள் காலை அவளை ஏற்றிக்கொண்டு போகும்போது வழி முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ரேஷன் கடை வேகத்தடை தாண்டியது. வேன்கள் நெருக்கும் வளைவு தாண்டியது. பைய வரவில்லை. தோளில் கை இருந்தது, ஆனால் சட்டையைப் பிடிக்கவில்லை. கம்பெனி கேட்டில் இறங்கியதும் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ஒண்ணுமே தெரியலங்க" என்றாள், ஆச்சரியமாக.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. டீ டைமில் லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஃபோல்டிங் மிஷின்காரர், கட்டிங் மாஸ்டர் என்று ஒவ்வொருவராக வண்டியைக் கொண்டுவந்து எனக்கும் பார்த்துக்கொடு என்றார்கள். அன்றையிலிருந்து தினமும் அவளிடம் கேட்டேன். தினமும் அதே பதில்தான். ஒண்ணும் தெரியல. வலி எப்படி என்று கேட்டால், "இப்பம் எவ்வளவோ தேவல" என்றாள். தைலப் பாட்டில் அலமாரிக்குப் போனது, பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். என் மனைவியின் முதுகு வலியை நான் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தீர்த்துவிட்டதாக நம்பினேன்.

சென்சார் திருத்துவது வெட்டுவதை மட்டும்தான். ரோட்டில் இருந்த பள்ளம் அப்படியேதான் இருந்தது. குழாய்க்குத் தோண்டிய குழியில் டயர் இறங்கி ஏறும்போது வண்டி முழுதும் தூக்கிப் போட்டது, அப்போதும் பின்னாலிருந்து சத்தம் வரவில்லை. பள்ளத்தை எந்த சென்சார் நிரப்பும்? மீட்டர் வைத்து அளக்கத் தெரிந்தவனுக்கு இந்தச் சின்னக் கணக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. சந்தோஷமாக இருக்கிறவன் எதற்குக் கணக்குப் பார்க்கிறான்.

அதற்குப் பிறகு லைனில் அவள் மிஷின் அலற ஆரம்பித்தது. கழுத்து வளைவில் ஊசி தாறுமாறாக ஓடி, பீஸ்கள் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் என்னைத்தான் கூப்பிட்டார். "ஏனுங்க, உங்கூட்டம்மா மிஷினு கைக்கு நிக்கறதில்லீங்க, என்னன்னு பாருங்க" என்றார். இப்போதைய தையல் மிஷினில் பெடலுக்கு அடியிலும் ஒரு சென்சார்தான் இருக்கிறது, வண்டியில் இருப்பதன் பங்காளி. கால் எவ்வளவு அழுத்துகிறது என்று மோட்டாருக்குச் சொல்லும். நான் மிஷினின் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து, எவ்வளவு மிதித்தாலும் மிஷின் மெதுவாகவே கிளம்பும்படி வைத்துக்கொடுத்தேன். இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. அவள் பெடலைத் தொட்டுத் தொட்டு மிதிக்கவில்லை, பாதத்தை மொத்தமாக வைத்து அமுக்குகிறாள் என்பதைக் குனிந்தபோது கண்ணால் பார்த்தேன். புது செட்டிங்குக்குப் பழகிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

ஒருநாள் கம்பெனி கேட்டில் இறங்கியபோது அவள் வலது காலில் செருப்பு இல்லை. வழியில் எங்கோ விழுந்திருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. கேட்டில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தாமிரபரணியில் விட்டுட்டு வந்துட்டியா என்று கேட்டேன். அவளும் சிரித்தாள், ஆனால் கீழே வெறும் காலைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். அன்றைக்குச் சாயங்காலமே பின்னால் வார் வைத்த செருப்பு வாங்கிக்கொடுத்தேன். செருப்பு விழாமல் இருக்க வழி பண்ணியாயிற்று.

அப்புறம் அந்தச் சாயங்காலம். வீட்டுக்கு வந்ததும் அவள் குழாயடியில் கால் கழுவினாள். சுடிதாரின் ஓரம் கருகியிருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். வலது கணுக்காலுக்கு மேலே தோல் வழண்டு, கொப்புளம் கட்டி உடைந்திருந்தது. சைலன்சர் சூடு. பைக் ஓட்டுகிற ஊரில் அந்தத் தழும்பு இல்லாத கால் குறைவு. சுட்ட கணமே ஆளைத் தூக்கி எறியும் சூடு அது. கால் ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து நழுவி, வீடு வந்து சேரும்வரை சைலன்சர்மேலேயே இருந்திருக்கிறது. எப்போ சுட்டது புள்ள என்று கேட்டேன். அவள் குனிந்து பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் காலைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு விரலால் அந்தப் புண்ணை அழுத்தினாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தபோது அவள் முகத்தில் வலி இல்லை. பயம் மட்டும் இருந்தது.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒரு குண்டூசியால் பாதத்தில் தொட்டுத் தொட்டுக் கேட்டார். இங்கே தெரியுதாம்மா. இங்கே. இங்கே. முழங்கால்வரை வந்துவிட்டார்.

"ஒண்ணும் தெரியல" என்றாள் அவள்.

கம்பெனி கேட்டில் எனக்குச் சொன்ன அதே வார்த்தை. தினமும் கேட்டு நான் குளிர்ந்துபோன வார்த்தை. டாக்டர் என் பக்கம் திரும்பி, முதுகு வலி எப்போதிலிருந்து குறைந்தது என்று கேட்டார். "வண்டி சென்சார அட்ஜஸ்ட் பண்ணுனதுல இருந்துங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. என்ன சென்சார் என்றார். நான் விளக்க ஆரம்பித்தேன். ஆக்சிலேட்டர், மூன்று ஒயர், அரை வோல்ட், வெட்டு நின்றது, அன்றையிலிருந்து இவள் வலி என்று சொல்லவில்லை. பாதியில் எனக்கே எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் வாய் நிற்காமல் சொல்லிக்கொண்டே போயிற்று. அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார்.

முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்தம் ஆரம்பத்தில் வலிக்குமாம். ரொம்ப அழுத்தினால் நரம்பு மரத்துப்போய், வலி நின்றுவிடுமாம். ஆபரேஷன் செய்தார்கள். முன்னாலேயே வந்திருந்தால் என்று நான் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாதுங்க என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்னை நானே திட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன். அதற்கும் வழியில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்று சொன்னார். காலில் எரிச்சலோ குத்தலோ, முதுகில் வலியோ வந்தால் பயப்படாதீர்கள், நரம்புக்கு உயிர் வருகிறது என்று அர்த்தம், வந்ததும் சொல்லுங்கள் என்றார்.

அன்றையிலிருந்து அவளுக்கு வலிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். பெண்டாட்டிக்கு வலி வரட்டும் என்று கோயிலில் நின்று கும்பிடுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காலையில் வேலைக்குப் போகுமுன் அவள் பாதத்தில் ஓவர்லாக் ஊசியின் முனையை லேசாக வைத்து, தெரியுதா என்று கேட்பேன். கண்ணை மூடிக்கொண்டு, "தெரியல" என்பாள். அக்கம்பக்கத்தார் கேட்டால் பரவாயில்லை என்று சொல்வாள். என்னிடம் மட்டும் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டுவரை நடக்கிறாள், வலது பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு வருகிறது. அவள் மிஷினில் இப்போது வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நான் பெடல் செட்டிங்கைப் பழையபடி மாற்றிக்கொடுத்தேன். அந்தப் பெண் கழுத்து வைக்கும் சத்தம் கேட்கும்போது லைனில் நிற்க முடியாமல் ஸ்டோர் ரூமுக்குப் போய்விடுவேன். போகப்போக டாக்டரும், பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டார். எனக்கும் நம்பிக்கை போய்விட்டது. ஆனால் ஊசி வைப்பதை நிறுத்த முடியவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்ன தோன்றியதோ, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். சிவப்புக் கோடு இன்னும் அழியவில்லை. ஸ்க்ரூவைத் தளர்த்தி, பிரிந்து நின்ற இரண்டு துண்டும் ஒரே கோடாகச் சேரும்வரை சென்சாரைத் திருப்பினேன். மீட்டரெல்லாம் வைக்கவில்லை. ஸ்டார்ட் செய்ததும் பழைய வண்டி திரும்பி வந்துவிட்டது. உள்ளே போய், தெருவுக்குள்ளேயே ஒரு சுற்றுப் போய்விட்டு வரலாம், காற்றாட இருக்கும் என்று அவளைக் கூப்பிட்டேன். அவள் என் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துவிட்டு, வாக்கருக்குக் கை நீட்டினாள். தூக்கி உட்கார வைத்தேன். அவள் பாதங்களைக் கையால் எடுத்து ஃபுட்ரெஸ்ட்டில் வைத்து, நழுவாமல் துப்பட்டாவால் கட்டினேன். என் இடுப்பைச் சுற்றி அவள் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

முதல் கியரில் போனேன். வண்டி வெட்டியது. வேண்டுமென்றே ஆக்சிலேட்டரைத் துளி திருப்புவதும் விடுவதுமாகப் போனேன். ஒவ்வொரு வெட்டுக்கும் அவள் நெற்றி என் முதுகில் மோதியது. காதுக்குப் பக்கத்தில் மூச்சு மட்டும் வந்தது. நிட்டிங் ஷெட் தாண்டி, ரேஷன் கடை வேகத்தடையில் ஏறி இறங்கினேன். முன்பெல்லாம் அந்த இடத்தில் வாய்விட்டுக் கத்திவிடுவாள். இப்போது சத்தமில்லை. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று வெட்ட விட்டேன். கண்ணாடியில் பார்த்தால் அவள் முகம் அமைதியாக இருந்தது. என் கண் கலங்கி வழி மறைத்தது. எனக்கு அவ்வளவுதான். கிளட்சைப் பிடித்துவிட்டேன்.

தெருக்கோடியில் புதிதாகத் தார் போட்ட இடம் அது. லேசான இறக்கம். வண்டி தானாக, ஒரு ஆட்டம் அசைவில்லாமல் உருண்டுகொண்டிருந்தது. கண்ணாடியில் அவள் என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மேலே வந்து என் தோள்பட்டைச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது.

"பையப் போங்க" என்றாள்.

சரி புள்ள என்று சொல்லி, பிரேக்கை லேசாகத் தொட்டு, இன்னும் மெதுவாகப் போனேன்.